பரணில் கிடைத்த பேஸ்பால் அட்டைகளை என்ன செய்வது?

கேள்வி: ஒகையோ மாநிலத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். அங்கே தனியாக வாழ்ந்த மூதாட்டி இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். பரணில் இருந்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஷூ பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகள், கையெழுத்துகள் போட்ட பந்து ஒன்று, ஆட்ட டிக்கெட்டுகளை ஒட்டிவைத்த நோட்டு ஒன்று ஆகியவை கிடைத்தன. இவற்றுக்கு மதிப்பு உண்டா? அடுத்து என்ன செய்யவேண்டும்?

பதில்: மதிப்பு உண்டா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் பெட்டியை மூடிவிட்டு, அது இருந்த இடத்தைச் சுற்றிலும் நான்கு படங்கள் எடுங்கள். பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்திருந்தாலோ, பக்கத்தில் பள்ளிக்கூட நோட்டு, கடிதங்கள், ரசீதுகள் கிடந்தாலோ எல்லாம் படத்தில் வரவேண்டும். அதன் பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகவே கீழே இறக்குங்கள். அட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் குப்பைக்கு அனுப்புகிறவர், பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நிலத்தை விற்கப் போகிறவருக்குச் சமம். அந்த அட்டைகள் யாருடையவை, எந்த ஆண்டு பரணேறின, அதற்குப் பிறகு யார் கையும் படவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தச் சுற்றுப்புறம்தான். பல ஆண்டுகளாக இத்தகைய பெட்டிகளைப் பார்த்துவருகிறேன். பெட்டியில் என்ன இருந்தது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி என்ன இருந்தது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள்.

நீங்கள் ஒகையோ என்று சொன்னதும் எனக்கு டிஃபையன்ஸ் என்ற ஊர்தான் நினைவுக்கு வந்தது. 2012ஆம் ஆண்டு அந்த ஊரில் ஒரு குடும்பத்தார் தங்கள் தாத்தாவின் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா இறைச்சிக் கடை நடத்தியவர், 1940களிலேயே இறந்துவிட்டார். மரத்தால் செய்த பொம்மை வீடு ஒன்றின் அடியில் புகைக்கரி படிந்த, மூடி இல்லாத அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் சணல் நூலால் கட்டிய பேஸ்பால் அட்டைக் கட்டுகள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு வாரங்கள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. அவை 1910 வாக்கில் மிட்டாயோடு கொடுக்கப்பட்ட அட்டைகள். சேகரிப்பாளர்கள் அந்த வரிசையை இ98 என்பார்கள். சுமார் 700 அட்டைகள், அச்சகத்திலிருந்து நேற்று வந்தவை போல முனை மழுங்காமல் இருந்தன. அந்த வட்டாரத்தில் முன்பிருந்த பெரிய சதுப்பு நிலத்தின் பெயரால் அதை ‘பிளாக் ஸ்வாம்ப்’ கண்டெடுப்பு என்று அழைக்கிறார்கள். அவற்றில் 37 அட்டைகள் மட்டும் அந்த ஆண்டு ஆகஸ்டில் பால்டிமோரில் நடந்த ஏலத்தில் 5,66,000 டாலருக்குமேல் விலைபோயின. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, சந்தை தாங்கும் அளவுக்குத்தான் வெளியே விட்டார்கள். உறவினர்கள் 20 பேர் வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது எனக்கு அந்த விலையைவிடப் பெரிய செய்தியாகத் தோன்றியது.

அந்தப் பெட்டியைக் காப்பாற்றியது யார்? ஒருவரும் இல்லை. மறதிதான் காப்பாற்றியது. கடைக்காரர் குழந்தைகளுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதைப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோனார். நூறு ஆண்டுகள் அவை கைபடாமல் கிடந்தன. பழைய விளையாட்டு அட்டைகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடப்பது. அக்கறையோடு வைத்திருந்த சிறுவன் அட்டையை ஒரு நாளைக்குப் பத்து முறை எடுத்துப் பார்ப்பான், நண்பனோடு மாற்றிக்கொள்வான், சைக்கிள் சக்கரத்தில் சொருகி ஓசை எழுப்புவான். அவன் வளர்ந்து வெளியூர் போனதும் தாயார் அறையைச் சுத்தம் செய்து எறிந்துவிடுவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீடு வீடாகப் பழைய காகிதம் திரட்டினார்கள், அதிலும் எண்ணற்றவை போயின. இவ்வளவுக்கும் தப்பியவைதாம் இன்று கிடைப்பவை.

தயாரித்த நிறுவனமே அழித்த கதையும் உண்டு. டாப்ஸ் நிறுவனத்தின் 1952ஆம் ஆண்டு வரிசையில் 311 முதல் 407 வரையிலான எண்கள் பேஸ்பால் பருவம் முடியும் வேளையில்தான் கடைக்கு வந்தன. பிள்ளைகளின் கவனம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது. விற்காமல் தங்கியவை கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. 1960இல் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை உருவாக்கிய சை பெர்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடலுக்குள் போன கூட்டத்தில்தான் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் 311ஆம் எண் அட்டையும் இருந்தது. ஆனால் எல்லாம் போய்விடவில்லை. 1986இல் ஆலன் ரோசன் என்ற வியாபாரி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவரிடம் இருந்த 1952 டாப்ஸ் அட்டைகளை ஆயிரக்கணக்கில் வாங்கினார். பொட்டலத்திலிருந்து அப்போதுதான் பிரித்தவை போல அவை இருந்தன. அந்தக் குவியலிலிருந்து வந்த மேன்டில் அட்டை ஒன்றை 1991இல் ஒருவர் 50,000 டாலருக்கு வாங்கினார். 2022 ஆகஸ்டில் அது 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இதைப் படித்துவிட்டு உங்கள் ஷூ பெட்டியை நடுங்கும் கையோடு திறக்கவேண்டாம். பெரும்பாலான பெட்டிகளில் அப்படி ஒன்றும் இருப்பதில்லை. உங்களுக்கு நான் செய்யக்கூடிய உதவி, எதைப் பார்த்து எதை ஊகிக்கலாம் என்று சொல்வதுதான்.

ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு வறுவல் தின்ற கையோடு தொடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும், உறை அவசியமில்லை. வழுக்கும் உறைகளால் முனை மடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அட்டையின் இரு ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். பிறகு அளந்து பாருங்கள். 2½ அங்குல அகலமும் 3½ அங்குல உயரமும் இருந்தால் அது 1957 முதல் டாப்ஸ் கொண்டுவந்த அளவு, இன்றுவரை அதுதான் வழக்கம். 2⅝க்கு 3¾ என்றால் 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் ஆகலாம். 2⅜க்கு 2⅞, தடித்த அட்டை, பளிச்சென்ற ஒற்றை நிறப் பின்னணி என்றால் 1933ஆம் ஆண்டு கௌடி நிறுவனத்தின் சூயிங் கம் அட்டைகளை நினைக்கவேண்டும். அந்த வரிசையில் அக்காலத்தின் பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு அட்டைகள் உண்டு. ஒன்றரை அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான அகலம், 2⅝ அங்குல உயரம், பின்புறம் சிகரெட் விளம்பரம் என்றால் மூச்சை நிதானமாக விடுங்கள். அது 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பெட்டிகளில் வைத்த டி206 ஆக இருக்கலாம்.

இந்த ‘டி’, ‘இ’ எழுத்துகளைக் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். சேகரிப்பாளர்களின் பொது மொழியே அவர் தயாரித்த அமெரிக்க அட்டைப் பட்டியலிலிருந்து வந்ததுதான். ‘டி’ என்றால் இருபதாம் நூற்றாண்டின் புகையிலை அட்டை, ‘இ’ என்றால் தொடக்ககால மிட்டாய் அட்டை. மூட்டுவாதத்தால் கை முடங்கிய நிலையிலும், தான் சேர்த்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி முடித்தார். 1963இல் இறந்தார். ஒரு காசு லாபம் பார்க்காத அந்த மனிதர் இல்லாவிட்டால், உங்கள் பெட்டியில் இருப்பது என்ன என்று இன்று யாராலும் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

டி206 வரிசையில்தான் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் புகழ்பெற்ற அட்டை இருக்கிறது. தன் படம் அச்சாவதை அவர் நிறுத்தச் சொன்னார். புகையிலையோடு சிறுவர்களிடம் போவது பிடிக்கவில்லை என்று ஒரு சாராரும், பணம் தராததால் மறுத்தார் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். எப்படியோ, அறுபதையொட்டிய எண்ணிக்கைதான் இன்று உலகத்தில் இருக்கின்றன. 2022இல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. அட்டையின் நிலையைப் பார்த்துத் தரும் மதிப்பெண்ணில் பத்துக்கு இரண்டுதான் வாங்கிய அட்டை அது. ஆனால் வாக்னரை மட்டும் தேடுகிறவர் மற்றதைத் தவறவிடுவார். 2016இல் அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் ஒரு குடும்பம் கொள்ளுத்தாத்தாவின் வீட்டை ஒழித்தபோது கசங்கிய காகிதப் பை ஒன்று கிடைத்தது. குப்பையில் போடப்போகும் வேளையில் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அடியில் ஏழு அட்டைகள். ஏழிலும் டை காப் என்ற ஆட்டக்காரரின் அதே படம். இங்கே பின்புறம்தான் விஷயம். வழக்கமான சிகரெட் பெயர்களுக்குப் பதிலாக டை காப் பெயரிலேயே வந்த புகையிலையின் விளம்பரம் இருந்தது. அதுவரை உலகத்தில் அத்தகைய அட்டைகள் பதினைந்து அளவுக்குத்தான் தெரிந்திருந்தன. ஏழும் சேர்ந்து பத்து லட்சம் டாலருக்குமேல் பெறும் என்று அப்போதே கணித்தார்கள். ஆகவே ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். முகத்தைப் பார்ப்பவர் ஆட்டக்காரரைத் தெரிந்துகொள்கிறார், முதுகைப் பார்ப்பவர்தான் அட்டையைத் தெரிந்துகொள்கிறார்.

பெட்டியில் இருப்பவை 1980களின் பின்பாதியிலிருந்து 1990களின் முற்பாதி வரையிலானவை என்றால் செய்தி அவ்வளவு நல்லதாக இராது. பழைய அட்டைகள் பெரும் விலைக்குப் போவதைப் பார்த்து அன்று எல்லோரும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள், நிறுவனங்களும் கணக்கில்லாமல் அச்சடித்தன. எல்லோரும் பத்திரமாக வைத்திருந்ததால் இன்று யாருக்கும் தேவைப்படவில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்று நம்பித் தந்தைமார் வாங்கிவைத்த பெட்டிகள் அவை. விலை சொல்லவேண்டிய நேரத்தில் எனக்கு நாக்கு எழுவதில்லை.

அடுத்தது, அசலா போலியா என்ற கேள்வி. மலிவான பூதக்கண்ணாடி ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, உங்களுக்குப் போதும். டி206 அட்டையின் கீழ் விளிம்பில் ஆட்டக்காரரின் பெயரும் ஊரும் பழுப்பு மையில் இருக்கும். அந்த எழுத்தின் மேல் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அசலில் மை ஒரே பரப்பாக, கோடு உடையாமல் இருக்கும். பிற்கால நகலில் அதே எழுத்து சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். அசலைப் படம் பிடித்து மறுபடி அச்சடித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாகிவிடுகிறது, அதுதான் காரணம். ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இன்னொரு சோதனை புற ஊதா விளக்கு. காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்வுப் பொருள்களைச் சேர்ப்பது 1940களின் இறுதிக்குப் பிறகுதான் பரவியது. 1910ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவது இருட்டறையில் அந்த விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தால், அதை நம்பவேண்டாம். ஒளிரவில்லை என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஏமாற்றுகிறவர்கள் பழைய புத்தகங்களின் வெற்றுத் தாளைத் தேடிப் பயன்படுத்துவதும் உண்டு.

நகல்கள் எல்லாமே கெட்ட எண்ணத்தோடு வந்தவை அல்ல. டாப்ஸ் நிறுவனமே 1983இல் தன் 1952 வரிசையை மறுபதிப்பாக வெளியிட்டது. அது இன்றைய வழக்கமான சிறிய அளவில் இருக்கும், பின்புறம் மறுபதிப்பு என்ற குறிப்பும் இருக்கும். அளவுகோலை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, கைகூப்பிக் கேட்டுக்கொள்வது ஒன்று. எதையும் சுத்தம் செய்யாதீர்கள். அழுக்கைத் துடைக்காதீர்கள், ரப்பர் கொண்டு அழிக்காதீர்கள், மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் நீவாதீர்கள், தேய்ந்த ஓரத்தைக் கத்தரித்து நேராக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு ஈரத்துணியால் ஒரு கௌடி அட்டையைத் துடைத்தார். எண்பது ஆண்டு அழுக்கோடு மேல் பளபளப்பும் வந்துவிட்டது. அந்த இடம் மட்டும் இன்றும் உரித்த தோல் போல வெளுத்திருக்கிறது. கத்தரிப்பது அதைவிடக் கேடு. உலகத்திலேயே மிக அதிகம் பேசப்பட்ட வாக்னர் அட்டையின் வரலாறே அதற்குச் சாட்சி. 1991இல் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி ஒருவரும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் முதன்முதலாக மதிப்பிட்ட அட்டையும் அதுதான், பத்துக்கு எட்டு கொடுத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல், அந்த அட்டையை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கு ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அதன் ஓரங்களைத் தான் வெட்டியதையும் ஒப்புக்கொண்டார். அந்த அட்டைக்குப் புகழ் இருந்ததால் மதிப்பு நின்றது. உங்கள் அட்டைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. ஓரம் வெட்டியது என்று தெரிந்தால் மதிப்பெண்ணே தரமாட்டார்கள்.

கட்டியிருப்பது சணல் நூலாக இருந்தால் முடிச்சை இழுக்காமல் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். இறுக்கி இழுத்தால் மேலும் கீழும் இருக்கும் அட்டைகளின் ஓரத்தில் நூல் பதிந்து வெட்டிவிடும். ரப்பர் வளையம் என்றால் அது காய்ந்து அட்டையோடு ஒட்டியிருக்கும், உதிர்வதை மட்டும் எடுங்கள், ஒட்டியதை விட்டுவிடுங்கள். ஈரத்தால் பல அட்டைகள் சேர்ந்து செங்கல்லைப் போல இறுகியிருந்தால் பிரிக்க முயலவேண்டாம். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் அதற்கு இருக்கிறார்கள். பிரித்த அட்டைகளை மெல்லிய பாலிப்ரோப்பிலீன் உறையிலும், அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறையிலும் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. ஆல்பங்கள் ஆண்டுகள் போகப்போக எண்ணெய் போல ஒன்றைக் கக்கி அட்டையின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டியை வீட்டுக்குள், மனிதர்கள் வாழும் அறையில் வையுங்கள். கோடையில் வெந்து குளிரில் உறையும் பரணில் இவ்வளவு காலம் இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, தப்பித்தது. ராமபாணப் பூச்சியும் கூரை ஒழுகலும் இனியும் அதை விட்டுவைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

டிக்கெட் ஒட்டிய நோட்டைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைத்தான் நான் முதலில் பார்க்க விரும்புவேன். அட்டைகளைப் பத்திரப்படுத்தவேண்டும் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. டிக்கெட்டை ஆட்டம் முடிந்ததும் தரையில் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். பெரிய லீக் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கிய முதல் ஆட்டத்தின் டிக்கெட் துண்டு ஒன்று 2022இல் 4,80,000 டாலருக்கு விலைபோனது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் முதல் தொழில்முறை ஆட்டம் 1984 அக்டோபர் 26 அன்று நடந்தது. அதன் முழு டிக்கெட், கிழிக்கப்படாதது, 4,68,000 டாலர் பெற்றது. உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு தேதியையும் எழுதிக்கொண்டு அன்று என்ன ஆட்டம் நடந்தது, யார் முதன்முதலாக ஆடினார்கள் என்று தேடுங்கள். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது, ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் வேலை. ஒட்டியதைப் பிய்க்கவேண்டாம், நோட்டோடு சேர்ந்தே அது முழுமையாக இருக்கிறது.

ஒட்டுப்புத்தகங்களையும் ஆல்பங்களையும் அலட்சியம் செய்யாதீர்கள் என்று சொல்ல இன்னோர் எடுத்துக்காட்டு. மெய்ன் மாநிலத்தில் பெய்லிவில் என்ற சிற்றூரில் ஒருவர் வீட்டு வாசலில் நடந்த பழம்பொருள் விற்பனையில் ஒரு புகைப்பட ஆல்பத்தை வாங்கினார். உள்ளே 1865ஆம் ஆண்டின் புரூக்ளின் அட்லான்டிக்ஸ் அணியினர் நிற்கும் சிறிய புகைப்பட அட்டை இருந்தது. 2013இல் அது 92,000 டாலருக்கு ஏலம் போனது. ஆல்பத்தை விற்றவர்கள் பக்கங்களைப் புரட்டியிருந்தாலே போதும்.

பந்துக்கு வருவோம். கையெழுத்து உண்மையானதா என்று படத்தைப் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். அணியின் எல்லோருடைய பெயரும் இருக்கும் பந்துகளில் பலவற்றில், நட்சத்திர ஆட்டக்காரரின் பெயரை உடைமாற்றும் அறைப் பையனே எழுதியிருப்பான். அது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் பொய்யை நீங்களே கண்டுபிடிக்க முடியும். பெரிய அணிகள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகளாக ஆடின, பந்தில் அந்த லீக் தலைவரின் பெயர் முத்திரையாக அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக்கில் வில் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரையிலும், ஜோ க்ரோனின் அதற்குப் பிறகு 1973 வரையிலும் தலைவர்கள். நேஷனல் லீக்கில் ஃபோர்டு ஃப்ரிக் 1934 முதல் 1951 வரை, அவருக்குப் பின் வாரன் கைல்ஸ் 1969 வரை. பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். ஆகவே க்ரோனின் முத்திரையோ கைல்ஸ் முத்திரையோ உள்ள பந்தில் ரூத்தின் கையெழுத்து இருந்தால் அது அவர் போட்டதல்ல. எழுதிய மையையும் பாருங்கள். அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். 1930களின் ஆட்டத்தில் வாங்கிய கையெழுத்து என்று சொல்லிப் பால்பாயின்ட் கோடு இருந்தால் கதை முடிந்தது. பந்து முழுதும் தேன் நிறமாக மாறியிருந்தால் கலங்கவேண்டாம். கையெழுத்து மங்காமல் இருக்க அக்காலத்தில் ஷெல்லாக் என்ற அரக்கு மெருகைப் பூசுவார்கள், அது பழுத்திருக்கும். விலை குறையும், ஆனால் பழமைக்கு அதுவே ஓர் அடையாளம். அதைச் சுரண்ட நினைக்காதீர்கள்.

பரணில் படச்சுருள் டப்பாக்கள் ஏதாவது இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். பேஸ்பாலில் ஆண்டின் இறுதிப் போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயர். 1960ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பில் மஸெராஸ்கி அடித்த ஹோம் ரன்னால் பிட்ஸ்பர்க் அணி 10-9 என்று வென்றது. அந்த ஆட்டத்தின் முழு ஒளிபரப்புப் பதிவு உலகத்தில் எங்கும் இல்லை என்றுதான் ஐம்பது ஆண்டுகளாக நம்பினார்கள். பாடகர் பிங் கிராஸ்பி அந்த அணியின் பங்குதாரர். பதற்றத்தைத் தாங்க முடியாமல் ஆட்டத்தன்று பாரிஸுக்குப் போய்விட்டார், ஆனால் ஒளிபரப்பைப் படச்சுருளில் பதிவுசெய்து வைக்கச் சொல்லியிருந்தார். 2009இல் கலிஃபோர்னியாவில் அவருடைய பழைய வீட்டின் ஒயின் நிலவறையில் ஐந்து சுருள்களும் அப்படியே கிடைத்தன. குளிர்ந்த, உலர்ந்த அறை அவற்றைக் கெடாமல் காத்திருந்தது.

விற்பதற்கு முன் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் தேடவேண்டும். அவை உங்களுடையவைதானா? வீட்டோடு சாமான்களும் சேர்த்தே விற்கப்பட்டன என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது பிள்ளைகள் எடுத்துச் செல்ல மறந்துவிட்டார்களா? வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பதுதான் முறை என்று நான் கருதுகிறேன். அட்டைகளை எப்படிப் பங்கிடுவது என்பதை நீங்களும் அவர்களும் பேசிக்கொள்ளலாம். கடிதங்களும் குடும்பப் புகைப்படங்களும் எந்தக் கணக்கிலும் அவர்களுடையவை. அதோடு, இந்த அட்டைகளை யார் சேர்த்தார் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் எழுதித்தரும் அரைப் பக்கக் கடிதம் ஏலக்கூடத்தில் உங்கள் பெட்டிக்கு எடை கூட்டும்.

வரியையும் மறக்கவேண்டாம். வாரிசாகப் பெற்றவர்களுக்கு, உரியவர் இறந்த நாளின் மதிப்பே அடக்கவிலையாகக் கொள்ளப்படும். உங்களைப்போல் கண்டெடுத்தவர்கள் நிலை வேறு. உங்கள் மாநிலத்திலேயே ஒரு தம்பதியர் 1957இல் 15 டாலருக்கு ஏலத்தில் வாங்கிய பியானோவுக்குள் ஏழு ஆண்டுகள் கழித்து 4,467 டாலர் ரொக்கத்தைக் கண்டார்கள். கண்டெடுத்த ஆண்டின் வருமானம் அது என்று 1969இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு வரி 28 சதவீதம் வரை போகலாம். கணக்காளரிடம் இப்போதே பேசுங்கள், விற்ற பிறகு பேசிப் பயனில்லை.

விற்பதென்றால் அவசரப்படாதீர்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் கையில் ரொக்கத்தோடு ஒருவர் வருவார், “எல்லாவற்றுக்கும் சேர்த்து இவ்வளவு, இன்றே தருகிறேன்” என்பார். அவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் இன்றே என்ற சொல் யாருக்குச் சாதகம் என்று யோசியுங்கள். இவ்வளவு காலம் காத்திருந்த பெட்டி இன்னும் ஆறு வாரம் காத்திருக்கும். முதலில் எல்லாவற்றையும் எண்ணி, இருபுறமும் படமெடுத்துப் பட்டியல் போடுங்கள். விளையாட்டுப் பொருள்களை ஏலம் விடும் பெரிய நிறுவனங்கள் இரண்டு மூன்றுக்கு அதே படங்களை அனுப்புங்கள், கட்டணமில்லாமல் கருத்துச் சொல்வார்கள். பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனங்களின் மதிப்பீடு தேவையா என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி. கட்டணம் பத்து இருபது டாலரில் நிற்பதில்லை, அட்டையின் மதிப்பு கூடக்கூட அதுவும் ஏறும். இருபது டாலர் அட்டைக்கு ஐம்பது டாலர் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்தவற்றை மட்டும் அனுப்புங்கள். பெட்டி பெரியதென்று தெரிந்தால், அனுப்புவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லித் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு இத்தகைய பொருள்களுக்குச் சிறு தொகைதான் தரும்.

பேஸ்பால் மட்டும்தான் என்று எண்ணி மற்றப் பெட்டிகளைத் தள்ளிவிடாதீர்கள். கனடாவில் ரெஜைனா நகரத்து வீடொன்றில் ஓ-பீ-சீ என்ற நிறுவனம் வெளியிட்ட 1979-80ஆம் ஆண்டின் ஹாக்கி அட்டைகள், பிரிக்காத முழுப் பெட்டகமாக, பதினாறு பெட்டிகள் இருந்தன. கிரெட்ஸ்கியின் முதல் அட்டை வந்த வரிசை அது. உள்ளே எத்தனை கிரெட்ஸ்கி இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாத நிலையிலேயே 2024இல் 37 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு வாங்கினார்கள். உங்கள் பரணில் பிரிக்காத பொட்டலம் ஒன்று கிடைத்தாலும், ஆசையாக இருந்தாலும், பிரிக்காதீர்கள்.

இப்போதைக்கு மூன்று தகவல்கள் கிடைத்தால் மேற்கொண்டு சொல்ல முடியும். மேலாக இருக்கும் பத்து அட்டைகளின் அளவும் பின்புறப் படமும் வேண்டும், பந்தில் முத்திரையாக இருக்கும் தலைவரின் பெயர் வேண்டும், பெட்டிக்கு அடியில் செய்தித்தாள் கிடந்திருந்தால் அதன் தேதியும் வேண்டும். அந்தத் தாளை நீங்கள் இன்னும் எறியவில்லை என்றால், அதிலிருந்தே தொடங்குவோம்.